அரைமணிக்காரர் மீது ஒரு மனு

நீலகிரி மலையில் மனிதனால் பொறுத்துக்கொள்ள முடியாத ஜீவன் ஒன்று உண்டென்றால், அது அரைமணிக்காரர்தான். காட்டெருமை ரோட்டை மறித்து நின்றால் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனால், பாவம், அதற்கும் பசிக்காதா என்கிறோம். சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போனால் செல்போனில் படம் பிடித்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறோம். ஆனால் கட்டபெட்டுக்குப் பக்கத்தில், எங்கள் சின்ன பஜாரின் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மனிதரை மட்டும் எங்களால் மன்னிக்க முடியவில்லை. நான் தேயிலை எஸ்டேட் ஆபீசில் தலைமை கிளார்க். இருபத்தாறு வருஷ சர்வீசில் மூன்று மேனேஜர்களைப் பொறுத்தவன். அந்த நானே சொல்கிறேன்.

கிளினிக் கோயம்புத்தூர்க்காரர்களின் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். காலையில் ஒரு டாக்டரம்மா வந்து நோயாளிகளைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் அங்கே நம்மவர் இருப்பார். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், முறையாகப் படித்த நர்ஸ், ஐம்பது வயது, ஒல்லி உடம்பு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். அவருடைய பெயர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் இருந்திருக்கும். ஆனால் அந்த அறையில் அண்ணாந்து பார்க்கிற மனநிலையில் யாரும் இருந்ததில்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்போம்.

ஊசி போட்டதும் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போவதுதான் உலக வழக்கம். இவரிடம் அது நடக்காது. வலிக்கான ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஜன்னலோரம் கிடக்கும் பெஞ்சில் முழுசாக அரைமணி நேரம் உட்காரவேண்டும். கோத்தகிரி பஸ் ஹாரன் அடிக்கட்டும், மழை வரட்டும், மாமனார் சாகக் கிடக்கட்டும், அரைமணி என்றால் அரைமணி. கேட்டால் பதில் தயாராக இருக்கும். "மருந்து ஒத்துக்கலீன்னா மூச்சு அடைக்கறது, தடிப்பு வர்றது, மயக்கம் போடறது, முக்காவாசி இந்த நேரத்துக்குள்ளதானுங்க வரும். பஸ்ஸுல வந்துச்சுன்னா டிரைவர் என்னங்க பண்ணுவாரு?"

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். ஊசி போடும் முன்பே இடது கால் செருப்பையோ பூட்ஸையோ வாங்கித் தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வார். எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் ரோஷக்காரர். வலது கால் பூட்ஸோடு மட்டும் மழையில் நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போய் ஏறிவிட்டார். மறுநாள் பூட்ஸைக் கேட்டு ஆள் அனுப்பினால், நேரில் வந்து தடிப்பு ஏதும் இல்லை என்று காட்டினால்தான் தருவேன் என்று பதில் வந்தது. ஒரு பெரிய மனுஷன் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டித் தன்னுடைய சொந்த பூட்ஸை மீட்டுக்கொண்டு வந்தார். இது எந்த ஊர் நியாயம்?

அரைமணி என்பது ஊசிக்குப் பின்னால் வருகிற தண்டனை. ஊசிக்கு முன்னால் ஒரு விசாரணை இருக்கிறது. டாக்டரம்மா ஏற்கெனவே கேட்டு எழுதியிருப்பார். இவர் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். வயிற்றில் புண் உண்டா, ஆஸ்துமா உண்டா, பிரஷர் மாத்திரை உண்டா, இருதயத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, மூத்திரம் சரியாகப் போகிறதா, பெண்களானால் மாதம் தள்ளியிருக்கிறதா, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள், எங்கே, எந்தப் பக்கம். இதையெல்லாம் காதோடு கேட்டால்கூடப் போகட்டும். மனிதருக்குக் குரல் வேறு வெண்கல மணி. கிளினிக்குக்கு எதிரே பஸ் ஸ்டாப். அங்கே நிற்பவர்களுக்கெல்லாம் ஊரில் யாருக்கு மலச்சிக்கல் என்பது அத்துப்படி.

சரி, கேள்வி முடிந்தது, ஊசி போடுவார் என்று கையை நீட்டினால், கையில் போடமாட்டார். இந்த மருந்து ஆழமாகச் சதையில் போகவேண்டும், கையில் போட்டால் கட்டி வந்துவிடும், இடுப்புக்குக் கீழே புட்டத்தின் மேல்பக்கமாகத்தான் போடுவேன் என்பார். மலையில் இருப்பவர்கள் உடுத்துகிற உடுப்பு எத்தனை என்று சமவெளி வாசகர்களுக்குத் தெரியாது. மேலே ஒரு ஜெர்கின், அடியில் ஸ்வெட்டர், அதற்கடியில் கம்பளி பனியன், வேட்டிக்குள்ளே ஒரு பேண்ட், அதற்குள்ளே இன்னொன்று. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் தோலைக் கண்டுபிடிக்க ஒருமுறை கால்மணி நேரம் ஆனது. அதற்குள் குளிர் தாங்காமல், வலியே பரவாயில்லை என்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் எஸ்டேட் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து அதிகம் வருகிற சீசனில் ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு வருவார்கள். கருவாடு வாங்குவார்கள், வெற்றிலை வாங்குவார்கள், அப்படியே ஓர் ஊசியும் போட்டுக்கொள்வார்கள். வலிக்காக அல்ல. திங்கள் முதல் சனி வரை முதுகு மக்கர் செய்யாமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்கிற ஊசி அது. கொழுந்து வெட்டும் மெஷினைத் தோளில் சுமக்கும் ஆண்கள், காலையிலிருந்து குனிந்து நிமிரும் பெண்கள் எல்லோருக்கும் அது வாராந்தரச் சாமான்களில் ஒன்று. வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டு கிளம்புகிறோமே, அது மாதிரி.

இதைத் தடுப்பதையே அரைமணிக்காரர் தன் பிறவிப்பயனாக வைத்திருந்தார். டாக்டரம்மாவிடம் போய், வராத வலிக்கு ஊசி எழுதாதீர்கள் என்று அவரையும் கெடுத்துவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே ஒரு சண்டை நடக்கும். ஒருமுறை ஜெகதளாப் பக்கத்து கிரிக்கெட் டீம் ஒன்று மேட்சுக்கு முன்னால் வேனோடு வந்து இறங்கியது. பதினொரு பேருக்கும் ஊசி வேண்டுமாம். வலி எங்கே என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வரும் என்றார்களாம். அப்படியானால் சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர்கள் தோற்றுப்போனதற்கு இன்றுவரை அவர்தான் காரணம்.

இதெல்லாம் பொதுக் குற்றங்கள். என் சொந்த வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் பாக்கியம் என்றொரு கொழுந்து பறிக்கிற பெண் இருக்கிறாள். சிலோனிலிருந்து வந்த குடும்பம். வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற நேரத்தில், எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டாள். "கிளாக்கரய்யா, மலையில கக்கூஸ் எப்ப கட்டுவீங்கன்னு ஊசிக்காரர் கேக்கச் சொன்னாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. விசாரித்தேன். கதை இதுதான். பெண்களுக்கு ஊசி போடும் முன்னால் அரைமணிக்காரர், இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்பாராம். காலையில் ஒரு டம்ளர் டீ என்பார்களாம். தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமில்லை, அதனால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பு வறண்டு கிடக்கையில் இந்த ஊசியைப் போட்டால் கிட்னிதான் அடிவாங்கும் என்று, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து உட்காரவைத்துவிட்டு, காட்டில் கக்கூஸ் கட்டச் சொல்லி ஆபீசில் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். ஊசி போடுகிறவனுக்கு எஸ்டேட் நிர்வாகத்தில் என்ன வேலை? கக்கூஸ் ஃபைல் என் மேஜையில் நாலு வருஷமாக இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே இந்த ஆளை ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்குச் சந்தர்ப்பத்தை என் முதுகே கொடுத்தது. கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய ரிஜிஸ்டர் கட்டைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் படக்கென்று ஒன்று பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. அதிகாரிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கவேண்டியவன் கும்பிட்ட வாக்கில் வீடு வந்து சேர்ந்தேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். காகிதத்தில் மடித்துத் தந்ததை வேளைக்கு ஒன்றாகப் பத்து நாள் சாப்பிட்டேன். இது தவிர, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று கோயம்புத்தூரில் காட்டியபோது, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை எழுதியிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி சரஸ்வதி அதைத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள், நான் விழுங்கிவிடுவேன். பல் விளக்குவது மாதிரிப் பழகிப்போன காரியம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். டிஸ்பென்சரி மாத்திரையை எஸ்டேட்டில் ஒருவரும் மருந்தென்று எண்ணுவதில்லை. வருஷக் கம்பளி, ரப்பர் பூட்ஸ், மாதாந்தரத் தேயிலைத்தூள் மாதிரி அது எங்களுக்குச் சேரவேண்டிய பங்கு. வெளியே போய்ச் சீட்டெழுதி வாங்கினால்தான் மருந்து. அதனால், பத்து நாளாகியும் வலி விடாமல் நான் கிளினிக்குக்குப் போனபோது, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, இல்லை என்றேன். சத்தியமாகப் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் நம்பி ஊசி எழுதினார்.

அரைமணிக்காரர் நம்பவில்லை. மருந்தை எடுக்கப் போனவர் என் சட்டைப் பையை உற்றுப் பார்த்தார். காகித மடிப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் அனுமதி இல்லாமல் எடுத்துப் பிரித்தார்.

"ஏனுங்க, மாத்திரை எதும் இல்லீன்னீங்க?"

"அது மாத்திரையா? டிஸ்பென்சரியில குடுத்ததுங்க."

அவர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே மருந்து என்றார். எத்தனை நாள் என்றார். சொன்னேன். ராத்திரி மாத்திரையைப் பற்றியும் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டார். அந்தம்மா சீட்டைக் கிழித்துவிட்டு, டிஸ்பென்சரி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, சாதாரண வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் என்று வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நியாயம் பேசினேன். மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி வயிற்றுக்கே போகாதே, ரத்தத்தில் அல்லவா போகிறது என்றேன். இது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"யாருங்க அப்பிடிச் சொன்னது?" என்றார் அரைமணிக்காரர். "வாயில போட்டாலும் இடுப்புல போட்டாலும் ரத்தத்துலதானுங்க கலக்குது. ரத்தம் வயித்துக்கும் போகுதுல்லீங்க? வயித்துச் சுவத்துக்குக் காவலா ஒண்ணு இருக்குது. இந்த மருந்து வலியோட சேத்து அந்தக் காவலையும் எடுத்துப்போடும். மாத்திரை மேல ஊசி, அதுக்கு மேல ரத்தம் உறையாத மாத்திரை. உள்ள புண்ணு வந்தா ரத்தம் நிக்காதுங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. வரிசையில் என் எஸ்டேட்டுப் பெண்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். பாக்கியமும் நிற்கிறாள். அந்த வெண்கலக் குரலில் கேட்டார். "வெளிக்கு எப்பிடிங்க போகுது? கருப்பா, ரோட்டுத் தாராட்டம் போகுதுங்களா?"

பாக்கியம் சிரித்தாள். தலைமை கிளார்க்கான நான், குனிந்தபடியே கிளினிக்கை விட்டு வெளியேறினேன். நிமிர்ந்து வெளியேறக்கூட என்னால் முடியவில்லை என்பது ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது.

பஜாரின் கீழ்க்கோடியில் ஒரு மருந்துக் கடை. பின்னால் பூப்போட்ட ஒரு திரை. திரைக்குப் பின்னால் சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் கலந்து 'ஜோடி ஊசி' என்று போடுவார்கள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டினால் போதும், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். "சாருக்கு எதுக்குங்க சிரமம்" என்று அந்த மனிதர் சொன்ன மாதிரி அன்பாக என்னிடம் என் தம்பிகூடப் பேசியதில்லை. போட்டுக்கொண்டேன். அரைமணியில் முதுகு நிமிர்ந்தது. கிளினிக் வாசல் வழியாகக் கையை வீசிக்கொண்டு இரண்டு தடவை நடந்தேன். மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். டிஸ்பென்சரி மாத்திரையையும் விடவில்லை. அதிகாரி வந்தார், பார்த்தார், போனார். நான் தேக்குமரம் மாதிரி நின்றேன்.

நிமிர்ந்த முதுகோடு மனு எழுத உட்கார்ந்தேன். மனு எழுதுவதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. மேற்படி நபர் பொதுமக்களின் காலணிகளைச் சட்டவிரோதமாகப் பறிமுதல் செய்கிறார். மேற்படி நபர் கண்ணியமானவர்களின் கழிவு விவரங்களைப் பொது இடத்தில் கூவுகிறார். மேற்படி நபர் எஸ்டேட் நிர்வாகத்தில் தலையிடுகிறார். ஆகவே மேற்படி நபரை உடனடியாக நீக்கி, மக்களுக்கு இணக்கமான ஒருவரை நியமிக்க வேண்டுகிறோம். கையெழுத்து கேட்டுப் போன இடத்திலெல்லாம் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று தாள் நிறைந்தது. பாக்கியம் மட்டும் போடவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த மனுவானாலும் மூலத்தைக் கொடுக்கும் முன்பே நகல்களைத் தபாலில் சேர்த்துவிடுவேன். மூலத்தை வாங்குகிறவன் அதைக் குப்பையில் போட முடியாதபடி, மேலிடத்துக்கு விஷயம் முன்கூட்டியே போயிருக்கவேண்டும். இருபத்தாறு வருஷத்து வித்தை. இந்த மனுவின் நகலும் கோயம்புத்தூர் அறக்கட்டளைக்கு முதலில் போய்விட்டது. மூலத்தை வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் நேரில் கொடுப்பதாகத் திட்டம்.

அதற்கு முந்தின நாளே எனக்கு வெளிக்குக் கருப்பாகப் போயிற்று. தாராட்டம்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. அதனாலேயே யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். சொன்னால் அந்த ஆள் ஜெயித்தவராகிவிடுவாரே! தலை சுற்றியது. சரஸ்வதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறீர்கள் என்றாள். வயிறு சரியில்லை, ராகி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் கருப்பாகப் போகிறது என்று உளறிவிட்டேன்.

"நம்மூட்டுல ராகி கிண்டி ஒரு மாசமாச்சுங்களே" என்றாள் அவள்.

கௌரவத்துக்காக உயிரை விடுகிறவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். மலம் என்ன நிறம் என்று சொல்ல மறுத்து உயிரை விடப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் காலை அவள் தடுத்தும் கேட்காமல், உறையில் போட்ட மனுவோடு கிளினிக்குக்குக் கிளம்பினேன். ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். உள்ளே போனால் டாக்டரம்மா இன்னும் வரவில்லை. அரைமணிக்காரர் மட்டும் இருந்தார். மனுவை உறையிலிருந்து எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஏதோ கம்பீரமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு, தரை குளிர்ச்சியாக இருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது அரைமணிக்காரர் என் கால்களை ஏதோ பெட்டிமேல் தூக்கி வைத்திருந்தார். தன் இரண்டு ஸ்வெட்டர்களில் ஒன்றைக் கழற்றி என்மேல் போர்த்தியிருந்தார். போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, முதல்முறையாக என் காதோடு, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, எத்தன நாளா கருப்பா போகுது?"

"நேத்திருந்துங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

கீழ்க்கடை ஊசி எத்தனை, எந்த நேரம், மாத்திரை எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கைக்குக் கிடைத்த ஒரு தாளைத் திருப்பி வேகவேகமாக எழுதினார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸில் என்னோடு ஏறினார். வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் நான் சரியாமல் இருக்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். சரஸ்வதி பின்னால் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். படித்து முடித்துத் திருப்பினார். மறுபக்கத்தையும் படித்தார். என்னைப் பார்த்தார்.

"சார், முன்பக்கத்துல இவர வேலைய விட்டு நீக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. பின்பக்கத்துல அவர் எழுதிக் குடுத்தத வெச்சுத்தான் இப்ப உங்களுக்கு வைத்தியம் பண்ணப்போறோம்."

வயிற்றில் இரண்டு புண்கள் இருந்தன. குழாய் விட்டு அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். கிட்னியும் அடிவாங்கியிருந்தது, தேறப் பல வாரங்கள் ஆகலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள். படுத்துக்கொண்டே நான் கோபப்பட்டேன். 'ஜோடி ஊசி' போட்ட அந்த அன்பான மனிதன்மேல் கோபம். ஒரு கேள்விகூடக் கேட்காதவனை நல்லவன் என்று கொண்டாடுகிற ஊர்மேல் கோபம். தேக்குமரம் மாதிரி நின்ற என்மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

பதினைந்து நாள் கழித்து மெல்ல நடந்து கிளினிக்குக்குப் போனேன். ஊசி அறையில் சிரித்த முகமாக ஒரு புதியவர். உட்காரச் சொல்லவில்லை, செருப்பைக் கேட்கவில்லை. வெளியே பெஞ்ச் காலியாகக் கிடந்தது. டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். நகல் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை பேர் கையெழுத்துப் போட்டு, இவ்வளவு தெளிவாக வந்த புகாரை ஒதுக்க முடியாது என்று அறக்கட்டளையில் முடிவெடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா எவ்வளவோ வாதாடியும் கேட்கவில்லை. நோயாளியோடு போவதற்காக அரைமணிக்காரர் கிளினிக்கைப் பூட்டினார் என்பதையும் குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

சாலை வசதி கேட்டு மனு எழுதியிருக்கிறேன், வரவில்லை. பஸ் கேட்டு எழுதியிருக்கிறேன், வரவில்லை. வாழ்க்கையில் எழுதிய நூற்றுக்கணக்கான மனுக்களில் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது இந்த ஒன்றின்மேல்தான்.

அவரைத் திரும்ப வேலையில் வைக்கச் சொல்லி இரண்டாவது மனு எழுதினேன். வீடு வீடாகப் போய், எனக்கு நடந்ததையும் சொல்லிக் கேட்டேன். ஐயோ பாவம் என்றார்கள், காபி கொடுத்தார்கள், பேனாவைத் தொடவில்லை. இப்போதுதான் நிம்மதியாகப் பஸ் பிடிக்கிறோம் என்றார்கள். பாக்கியம் மட்டும் பேனாவை வாங்கினாள். வாங்கிக்கொண்டு, "கக்கூஸ் ஃபைல எடுங்க, போடறேன்" என்றாள். எடுத்தேன். இன்று ஐந்தாம் நம்பர் காட்டில் இரண்டு கக்கூஸ் நிற்கிறது. ஆனால் மனுவுக்கு வந்த பதில், அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் போட்டாயிற்று என்பதுதான். கீழ்க்கடை மீது எழுதிய மூன்றாவது மனுவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். திரையைக் கழற்றினார்கள். ஒரு மாதம் கழித்து வேறு பூப்போட்ட திரை தொங்குகிறது. அதன்மேல் நாலாவது மனு போய்க்கொண்டிருக்கிறது. நான் விடுவதாக இல்லை.

அரைமணிக்காரர் ஊட்டிக்கு அப்பால் எமரால்டு பக்கம் ஒரு கிளினிக்கில் இருப்பதாகப் போன மாதம் தகவல் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். இடத்தைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, கேரட் மூட்டைக்காரர் ஒருவர் தெருவில் நின்று, தன்னுடைய ஒற்றைச் செருப்பைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அரைமணிக்காரர் எழுந்து நின்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் வாசகம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் கையை நீட்டிக் கிட்னி ரிப்போர்ட்டைக் கேட்டார். முந்தின வாரம் எடுத்ததைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாமே சரியான அளவுக்கு வந்திருந்தது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். 

"இத நான் வெச்சுக்கட்டுங்களா?" என்றார்.

வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாலாக மடித்து உள் ஸ்வெட்டருக்குள்ளே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு வாசகத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதமும் ரத்தம் கொடுத்து ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம் என்று இருக்கிறேன். இனித் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அரைமணிக்காரரைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.